இருநூறு குத்தும் இருபது பாத்தியும்

உயிரிப் புள்ளியியலில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட முதல் வயல் சோதனையில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது?

குமரி மாவட்டத்துத் திருப்பதிசாரம் பக்கத்து வயலில் கும்பப்பூவுக்கு (இங்கு நெல்லின் இரண்டாம் பருவம்) ஒரு நெல் ரகச் சோதனை என்று வைத்துக்கொள்வோம். அம்பை 16, திருப்பதிசாரம் 5 போன்ற நாலு ரகம், ஐந்து ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு ரகமும் ஐந்து பாத்தியில்), ஆக 20 பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் வரப்போர வரிசைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே 10 குத்தில் (ஒரே இடத்தில் சேர்த்து நட்ட நாற்று ஒரு குத்து) தூர் எண்ணுகிறார்கள். நோட்டில் 200 எண் சேர்ந்துவிடும். அந்த 200-ஐயும் அப்படியே கம்ப்யூட்டரில் போட்டால் பிழைக்கான, அதாவது காரணம் சொல்ல முடியாத ஏற்ற இறக்கத்துக்கான, டி.எஃப். (சுயேச்சையாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) 192 ஆகிவிடும், சி.டி. (இரு ரகங்கள் உண்மையிலேயே வேறு என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம்) சுருங்கிப்போகும், இல்லாத வித்தியாசம் எல்லாம் இருப்பதாகத் தெரியும். மாணவருக்கு அது மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். ஆனால் சீட்டுக் குலுக்கி ரகத்தை ஒதுக்கியது பாத்திக்கு. ஒரு பாத்தியின் பத்துக் குத்தும் ஒரே மண்ணில் நின்று, ஒரே மடைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. அவற்றின் சராசரி ஒரே ஓர் எண்தான்.

அப்படிப் பார்த்தால் 20 எண், மொத்த டி.எஃப். 19. ப்ளாக்குக்கு (ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பாத்தி வீதம் சேர்ந்த தொகுதி, இங்கே ஐந்து) 4, ரகத்துக்கு 3 போக, பிழைக்கு 12 நிற்கும். பிழைக்கு 12-க்குக் குறையக் கூடாது என்று வகுப்பில் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. மூன்று ரெப்ளிகேஷனோடு நிறுத்தினால் 6 தான் மிஞ்சும். சி.டி. கணக்கிட எடுக்கும் ‘டி’ அட்டவணை மதிப்பு 5 சத மட்டத்தில் 2.179-லிருந்து 2.447-க்கு ஏறிவிடும். குத்து எத்தனை கூட்டி எண்ணினாலும் அந்த 6 அசையாது.

ப்ளாக் பிரிப்பதைப் பலர் வரைபடத்தின் அழகுக்காகச் செய்கிறார்கள். இங்குள்ள ஏலாக்களில் (வயல்வெளிகளில்) மடைப்பக்கம் ஒரு மாதிரி, கடைசிப் பள்ளம் வேறு மாதிரி. தண்ணீர் போகும் திசைக்குக் குறுக்கே ப்ளாக் கிடந்தால், ஒரு ப்ளாக்கின் நாலு பாத்தியும் மடையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். நீளவாக்கில் பிரித்தால் மடைக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் ப்ளாக்குக்குள்ளேயே மாட்டி, பிழையில் போய்ச் சேரும். அறுத்த பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. வரப்பு போடும் முன் ஒருமுறை வயலைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும். ஒரு பருவத்து உழைப்பு வீணாகாமல் தப்புவது அதில்தான்.

முதல் பருவமான கன்னிப்பூவின் அறுப்பு மழையில் மாட்டினால் எடையிலும் கவனம் வேண்டும். 20 சத ஈரத்தில் 12 கிலோ நின்ற நெல்லை 14 சத ஈரத்துக்கு மாற்ற, எடையை 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும், 11.16 கிலோ வரும். சில பாத்திகளை இன்றும் மீதியை நாளையும் அறுத்து, ஈரம் பார்க்காமல் நிறுத்தால், ரக வித்தியாசம் என்று நாம் நினைப்பது வெயிலின் வித்தியாசமாக இருக்கும்.

குலசேகரம் பக்கம் ரப்பரில் வேறொரு சிக்கல். மழையில் பால்வெட்டு நின்ற நாளுக்கு நோட்டில் 0 எழுதிவிடுகிறார்கள். ஒரு மரத்தில் நாலு வெட்டுக்கு 40, 44, 38, 42 கிராம் உலர் ரப்பர் என்றால் சராசரி 41. மழை நாளின் 0-வையும் சேர்த்தால் 32.8. வெட்டியும் பட்டை வறண்டு பால் வராத மரத்துக்கு 0 உண்மையான அளவு. அதை அழிக்கக் கூடாது. வெட்டாத நாளுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் ‘மழை’ என்று எழுத வேண்டும். இரண்டும் ஒரே 0-வாகக் கலந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து நோட்டைத் திறக்கும்போது எது எந்த 0 என்று எழுதியவருக்கே தெரியாது.