டேபிளில் ஒரு வரி என்றால் என்ன?

ஜூன் 3
எலிச் சோதனைத் தரவையெல்லாம் எக்செல்லில் இருந்து எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கு மாற்றத் தொடங்கியாயிற்று. சர்வர் எதுவும் வேண்டாம், டேட்டாபேஸ் முழுக்க ஒரே ஃபைல். மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-இல் அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியது, அந்த அளவுக்குப் போன தொல்லை இது. இங்கே டெக்ஸ்ட் என்று அறிவித்த நெடுவரிசை டெக்ஸ்டாகவே இருக்கும்.

ஜூன் 5
இன்று பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை. மரபணுப் பெயரையே கீயாக வைத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். பி53 என்ற மரபணுப் பெயரைக் கட்டுரைகளில் எழுதினால் அது மனிதனுடையதாகவும் இருக்கலாம், எலியுடையதாகவும் இருக்கலாம். என்சிபிஐ என்ற அமெரிக்க உயிரியல் தகவல் மையம் ஒவ்வொரு மரபணுவுக்கும் தரும் எண்ணில் மனிதனுக்கு 7157, எலிக்கு (சுண்டெலி) 22059, குழப்பத்துக்கே இடமில்லை. மாற்றுப் பெயர்களைத் தனி டேபிளில் போட்டுவிட்டால் எந்தப் பெயரைச் சொல்லித் தேடினாலும் சரியான மரபணுவுக்கே போய்ச் சேரலாம்.

ஜூன் 9
ஒரு எலியிலிருந்து கல்லீரல், மூளை என்று பல மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் பல அளவீடுகள். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் வைத்தால் எலியின் பிறந்த தேதி வரிக்கு வரி திரும்பத் திரும்ப வரும், ஒன்றில் திருத்தி இன்னொன்றில் விட்டுவிட்டால் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எலி, மாதிரி, அளவீடு என்று மூன்று டேபிள். எந்த டேபிளிலும் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால் வடிவம் தானாக வந்துவிடுகிறது, உண்மையில் அது உயிரியல் கேள்விதான்.

முக்கியமான ஒன்று: எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீ (ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் நெடுவரிசை) சோதிப்பு வழக்கமாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து நாம்தான் இயக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லாத எலிக்குக்கூட மாதிரியைப் பதிந்துகொள்ளும்.

ஜூன் 12
நல் (null), அதாவது மதிப்பே பதியாத இடம், அதைப் பற்றித்தான் இன்று முழுக்க. அளந்து பூஜ்யம் வந்தது வேறு, அளக்கவே இல்லை என்பது வேறு. சராசரி எடுக்கும்போது நல்லை விட்டுவிட்டுக் கணக்கிடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும், முடிவே மாறிப்போகும். அதோடு டேபிள்களை இணைத்துப் பார்க்கும் சாதாரண ஜாயினில் அளவீடு இல்லாத எலிகள் காணாமல் போகும், லெஃப்ட் ஜாயின் போட்டால்தான் அவையும் வரும். எந்த எலியை இன்னும் அளக்கவில்லை என்று பார்க்க எனக்கு அதுதான் வேண்டும்.

அப்புறம் மருந்து. ஒரு எலிக்குப் பல மருந்து, ஒரு மருந்து பல எலிக்கு, ஆகவே இடையில் இன்னொரு டேபிள், டோஸும் கொடுத்த நேரமும் அதில்தான் வரும். நாளைக்கு அது.