காலிமுகத்திடலில் மீண்டும் சில்லுகளோடு

ஸ்கேட்டிங் சப்பாத்துக்கான பெயாரிங் எங்கே கிடைக்கும் என்று விளையாட்டுக் கடைகளில் அலைய வேண்டியதில்லை. சில்லைச் சுழலவைக்க அதற்குள் இருக்கும் பெயாரிங் 608 என்ற பொது அளவு. வெளிவிட்டம் 22 மில்லிமீட்டர், உள்விட்டம் 8. கொழும்பில் வாகன உதிரிப்பாகத்துக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் கேட்டவுடன் எடுத்துத் தந்தார்கள். எதற்கு என்று கேட்ட கடைக்காரரிடம் சப்பாத்தைக் காட்டியதும், பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பாடசாலை நாட்களில், வெள்ளவத்தையில் மாமி இருக்கும் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் பழகிய சப்பாத்து அது. இந்தமுறை மட்டக்களப்பிலிருந்து வந்தபோது அலுமாரியின் மேலிருந்து இறக்கினேன். நகம் பட்டாலே சில்லு உதிர்ந்தது. சில்லு செய்யும் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். ஓடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. பழைய சப்பாத்து வைத்திருப்பவர்கள் காலை நுழைக்குமுன் சில்லை அழுத்திப் பாருங்கள். நான் 80 மில்லிமீட்டர் சில்லுகள் புதிதாகப் போட்டேன்.

விடிந்ததும் 100ஆம் இலக்கப் பஸ்ஸில் காலிமுகத்திடல். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி, 1859இல் நிறைவேறிய கடலோர நடைபாதை இது. கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி இதைப் பேணும்படி அடுத்து வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் கல்வெட்டும் உண்டு. முழங்கால் காப்பைக் கட்டியபடி அந்த வரியை நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினைந்து வயதில், "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

எழுந்து நின்றதும் இடுப்பு பயந்தது, முழங்கால் மறக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். தெற்கு முனையில் உள்ள ஹோட்டல் பக்கமிருந்து வடக்கே ஓடினால் காற்றே முதுகைத் தள்ளும். திரும்பி வரும்போது நன்றாகக் குனிந்து, ஒவ்வொரு உந்தலையும் பக்கவாட்டில் நீளமாகக் கொடுக்க வேண்டும். தரைக்கற்களின் இடுக்குகள் பாதத்தில் அதிரும். அலைத்துளி விழுந்த இடம் வழுக்கும். அங்கே திரும்பாமல் நேராகக் கடப்பதே நல்லது.

பட்டத்தோடு வந்த சிறுவன் ஒருவன், "அன்ரி, இதில் பிரேக் எங்கே?" என்றான்.

"வலது குதிக்காலில், மகன்." காலை முன்னே நீட்டி, விரல்பக்கத்தை உயர்த்தி, குதியால் அழுத்திக் காட்டினேன். அவன் வெறுங்காலோடு அதையே செய்து பார்த்தான்.

வடக்கே, கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரத்தில், 2022 ஜனவரியில் திறந்த மரினா நடைபாதையும் இருக்கிறது. நடந்து பார்த்தேன், அழகான இடம்தான். ஆனாலும் பட்டமும் இறால் வடை வாசமும் உள்ள பழைய கரையே எனக்கு வேண்டும்.

கடற்கரையில் ஓடிய அன்றே உப்பை ஈரத்துணியால் துடைத்து, பெயாரிங்கை உலரவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். காலை ஏழு மணிக்குமுன் போனால் பாதை அகலமாகக் கிடைக்கும்.