ஹெல்மெட் இல்லாமல் உள்ளே வரக்கூடாது

எங்கள் டீ ஃபேக்டரியில் தேயிலைத் தூளைச் சலிக்கிற சிஃப்டிங் ரூம் அண்ணனை அன்று கேட்டில் நிறுத்தியது சரிதான். இதை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று. சரியென்றால் எதற்கு இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டும்?

பைக்கில் வருகிறவர்கள் ஹெல்மெட் போடாவிட்டால் ஷிஃப்டுக்கு விடக்கூடாது என்று ஆபீஸில் முடிவானது. நோட்டீஸ் ஒட்டினோம், வாயாலும் சொன்னோம். அப்புறமும் அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். "அண்ணே, இன்னைக்கு விட முடியாது" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து ஃபேக்டரி வரைக்கும் இரண்டாவது கியருக்கு மேல் போட வழியில்லை, பனி இறங்கினால் காட்டெருமை பக்கத்தில் வந்து நிற்பதே தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வண்டியை நிறுத்துகிறேன், காதை மூடிக்கொண்டு என்ன செய்ய என்று கேட்டார். கோத்தகிரிப் பக்கம் வண்டி ஓட்டுகிற யாரும் இதைச் சிரித்து ஒதுக்க மாட்டார்கள். கண்ணாடியில் ஆவி படிகிறது என்று நானே மூடியைத் தூக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.

இன்ஜின் ஓடும்போது காட்டெருமைச் சத்தம் எப்படிக் கேட்கும் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் அணைத்துவிட்டு உருட்டுகிறவராக இருந்தால் கேட்கும். அது இன்னும் மோசம். இன்ஜின் பிடிமானமே இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது. மெதுவாகப் போகிறேன் என்ற வாதமும் நிற்காது. நின்ற இடத்திலிருந்து சாய்ந்து, தலை கல்லில் மோதினாலே போதும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் அந்த அடியில் தான் நசுங்கி மண்டையைக் காக்கிறது. மஃப்ளர் நசுங்கி என்ன ஆகப்போகிறது?

இப்படி வாதத்தில் ஜெயித்துக்கொண்டே வருவேன். ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது அங்கேயே நிற்கும்.

"சரி தம்பி, என் மண்டைமேல உங்களுக்கு அக்கறை. இத்தனை வருஷமா சிஃப்டிங்ல தூளை மூக்கால இழுக்குறேனே, அதுக்கு யாரு கேட்ல நிக்கிறது?"

மற்ற நாளெல்லாம் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்.

நான் சட்டத்தைச் சொன்னேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,000 ரூபாய், லைசென்ஸையும் மூன்று மாதம் முடக்கலாம். ஆனால் அந்தப் பிரிவு பொது இடத்தைத்தான் சொல்கிறது. எஸ்டேட்டின் சொந்த ரோடு அதில் வருமா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம். தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு அதே பிரிவில் விலக்கு உண்டு. ஆக, மண்டை உடைவதைவிடப் பெரிதாக ஒருவருக்கு ஏதாவது இருக்கலாம் என்று சட்டமே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. அவருடைய மஃப்ளரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாதுதான். இருந்தாலும் போலீஸ் பிடித்தால் ரசீது கிடைக்கும், கோர்ட்டுக்கும் போகலாம். கேட்டில் நான் பிடித்தால் ஒரு நாள் சம்பளம் போகும், அவ்வளவுதான். அன்று அவருக்குப் போனது. இலை குவிகிற சீசன் வேறு, உள்ளே ஆள் பற்றாமல் திண்டாடினார்கள்.

ரோட்டில் செத்தால் அவர் குடும்பத்துக்கு நானா பதில் சொல்வேன் என்று ஒரு நாள் தோன்றும். பிறகு, நான்தானே சொல்ல வேண்டும், அதனால்தானே நிறுத்தினேன் என்று தோன்றும். இரண்டும் சேர்ந்தே தோன்றும் நாளும் உண்டு.

இப்போது வண்டியைக் கீழே டீக்கடையில் விட்டுவிட்டு நடந்து வருகிறார். இன்னும் சிலரும் அப்படித்தான். டீக்கடை வரைக்கும் யார் தலையிலும் ஒன்றும் கிடையாது. என் பதிவேட்டில் மட்டும் பைக்கில் வருகிற எல்லோரும் ஹெல்மெட்டோடு வருகிறார்கள். மேனேஜருக்குத் திருப்தி.

மாஸ்க் கேட்டு எழுதிப் போட்டேன். தாமதமானாலும் பெட்டி பெட்டியாக வந்தது. அவர் அதையும் கழுத்தில்தான் தொங்கவிட்டிருக்கிறார், மூச்சு முட்டுகிறதாம். மாஸ்க் போடாதவரைத் திருப்பி அனுப்ப எங்களிடம் விதி எதுவும் இல்லை. இருந்தால் அனுப்புவேனா என்றும் சொல்லத் தெரியவில்லை.