காட்பாடி பெஞ்சும் ஒரு கழித்தல் குறியும்

கிராஃப் தாளில் கிடையாகத் தூரம், மேல்நோக்கி நேரம். காட்பாடி ஜங்ஷன் பெஞ்சை விட்டு அசையாதவருக்கு நேராக மேலே ஏறும் கோடு. சென்னை போகும் ரயிலுக்குச் சாய்ந்த கோடு. நேரம் நான்காவது பரிமாணம் என்று பாடம் எடுப்பவர்கள் பலர் இந்தப் படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. தக்காளி விலையைக்கூடத்தான் அச்சில் போடலாம், அது பரிமாணமா? இரண்டு அச்சும் ஒரே அலகுக்கு வர வேண்டும், ஒரே கணக்கில் சேர வேண்டும்.

அலகுக்கு, நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்குங்கள்: வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. சென்னை ஏறக்குறைய 130 கி.மீ., பயணம் 2 மணி நேரம் என்று வையுங்கள். அந்த 2 மணி நேரம் 216 கோடி கி.மீ. ஆகிறது! அதன் பக்கத்தில் 130 எம்மாத்திரம்? சாய்வு கண்ணுக்கே தெரியாது. நேரம் வேறு, இடம் வேறு என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்தது சேர்க்கும் கணக்கு. 1908இல் கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி காட்டிய வழி இது: நேர நீளத்தின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழி, வர்க்கமூலம் எடு. அதை ஒளி வேகத்தால் வகுத்தால், பயணித்தவரின் சொந்தக் கடிகாரத்தில் ஓடிய நேரம் கிடைக்கும். பிதாகரஸ் பழக்கத்தில் கை தானாகக் கூட்டல் போட்டுவிடும். தப்பு நடப்பது இங்கேதான்.

வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான் என்ற நுண்துகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 15 கி.மீ. உயரத்தில் பிறந்து, ஒளி வேகத்தில் 99.5 சதவீதத்தோடு இறங்குகிறது. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி. நம் கடிகாரத்தில் பயணம் 50 மைக்ரோவினாடி. நீளமாக மாற்றினால் 15.075 கி.மீ. கூட்டினால் 21.3 கி.மீ., அதாவது 71 மைக்ரோவினாடி. ஒன்றுகூடத் தரைக்கு வராது. கழித்தால் 1.5 கி.மீ., வெறும் 5 மைக்ரோவினாடி. பத்தில் ஒன்று பிழைத்து வரும். நிஜமாகவே வருகின்றன: இதைப் படிக்கும்போதும் உங்கள் உள்ளங்கை வழியாக வினாடிக்கு ஏறக்குறைய ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே அந்தத் தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ரயிலின் சாய்ந்த கோடுதான் நீளமாகத் தெரியும். ஆனால் போய்த் திரும்பி வந்தவரின் கடிகாரத்தைவிட, பெஞ்சில் இருந்தவரின் கடிகாரத்தில்தான் நேரம் கூடுதலாக ஓடியிருக்கும்.