காதில் இயர்போன், கதவுக்கு வெளியே வீடு

ஆன்லைன் மனநல ஆலோசனை சொதப்புவது இணையத்தால் என்பதைவிடக் கதவால்தான் அதிகம். இயர்போன் மாட்டிக்கொண்டால் ரகசியம் பத்திரம் என்று நினைத்துவிடுகிறோம். அது ஆலோசகர் பேசுவதைத்தான் மறைக்கும். நாம் பேசுவது அடுத்த அறைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அது உள்ளுக்குள் தெரிவதால் வாய் தானாக அடக்கி வாசிக்கிறது. மூன்று அமர்வு முடிந்து 'ஒன்றும் பிரயோஜனமில்லை' என்று அலுத்துக்கொள்ளும்போது பார்த்தால், சொல்ல வந்ததையே சொல்லியிருக்க மாட்டோம். கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறியோ ரேடியோவோ ஓடட்டும். அதுவும் முடியாதென்றால் நிறுத்திவைத்த கார் நல்ல இடம்.

முதல் அமர்வுக்கு முன்பே படிவங்கள் வரும். அவற்றில் அடிக்கடி பார்ப்பது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9. கடந்த 2 வாரம் எப்படி இருந்தது என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மிதமான மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு விரிவாக விசாரிப்பார்கள். பதற்றத்தை அளக்க ஜி.ஏ.டி-7 என்ற படிவம், மொத்தம் 21 மதிப்பெண். இது பரீட்சை இல்லை, குறைவாக வாங்கிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. குறிப்பாக பி.எச்.கியூ-வின் 9-வது கேள்வி: செத்துப்போனால் தேவலை, உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. அங்கே மழுப்பினால் ஆலோசகர் தவறான இடத்திலிருந்து தொடங்குவார். அந்த எண்ணம் இப்போதே அழுத்துகிறதென்றால் அமர்வுத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ உடனே நாட வேண்டும்.

ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். வேவு பார்ப்பதற்காக அல்ல, நடுவில் ஏதாவது ஆனால் உதவியை எங்கே அனுப்புவது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அழைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முதல் அமர்விலேயே பேசிவிடுங்கள். ரகசியம் எந்தக் கட்டத்தில் மீறப்படும் என்று நீங்களே கேளுங்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்றவை பொதுவாக அதில் வரும்.

ஆலோசகராக ஒரு சமூகப் பணியாளரிடம் போவதில் ஒரு தனி லாபம் உண்டு. மனதுக்குள் மட்டும் தேட மாட்டார். கடன், ஷிப்ட் நேரம், வீட்டில் படுத்திருக்கும் நோயாளி, யார் சமைக்கிறார்கள் என்பதுவரை விசாரிப்பார். தூக்கமில்லாததற்குக் காரணம் மாமியாரின் இரவு மருந்து நேரமாக இருந்தால், மூச்சுப் பயிற்சியைவிட அந்த வேலையைப் பங்கு போடுவதுதான் சிகிச்சை. மருந்து எழுதித் தருவது அவர் வேலை இல்லை, அதற்கு மருத்துவர்தான். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள்.

அமர்வு 45 அல்லது 50 நிமிடம்தான். மாற்றம் வருவது பெரும்பாலும் மிச்ச வாரத்தில். முதல் வீட்டுப்பாடம் அநேகமாக ஒரு தாள்: நேரம், செய்தது, மனநிலை 0 முதல் 10 வரை. 'மாலை 4, படுக்கையில் போன், 2. மாலை 5, துணி மடித்தேன், 4.' அற்பமாகத்தான் தெரியும். ஆனால் ஒரு வாரத் தாளைச் சேர்த்து வைத்தால், மனசு சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தது தலைகீழ் என்று புரியும். வேலையைத் தொட்ட பிறகுதான் அந்த 2 நாலாகியிருக்கிறது. இரவில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பினால் எல்லாக் கட்டத்திலும் 2 விழும். சோர்ந்த மனதின் ஞாபகம் அப்படி. அந்தந்த நேரத்தில் எழுதுங்கள்.

திரையில் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை மறைத்துவிடுங்கள், அழும்போது கண் அங்கேயே போகும். குரல் சற்றுத் தாமதித்து வரக்கூடும் என்பதால் மௌனத்தை 'கவனிக்கவில்லை' என்று படிக்காதீர்கள். மிக முக்கியமான விஷயம் கடைசி 5 நிமிடத்தில் வாயில் வருவது எல்லோருக்கும் நடக்கும். அதை ஒரு சீட்டில் எழுதிவைத்து முதலிலேயே படித்துவிடுங்கள்.

சில வாரங்களுக்கு ஒருமுறை அதே பி.எச்.கியூ-9 படிவத்தை மறுபடி நிரப்பத் தரும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். 5 மதிப்பெண் குறைந்திருந்தால் உண்மையான முன்னேற்றம். அப்படியே நின்றால் 'இது எனக்கு ஒத்துவரவில்லை' என்று நேரடியாகச் சொல்லலாம், அவர்கள் கோபிக்க மாட்டார்கள். சொல்லாமல் அழைப்பை எடுக்காமல் விடுவதைவிட, ஆளையோ முறையையோ மாற்றித்தரக் கேட்க ஒரு அமர்வைச் செலவழிக்கலாம்.