அப்பாவுக்கு ஏற்புவலி வந்தபோது

முதலில் பல் டொக்டரிடம்தான் கொண்டுபோனேன். இரண்டு நாளாக அப்பாவுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. புட்டைக் குழைத்துக் கொடுத்தாலும் இறங்கவில்லை. கடைவாய்ப் பல்லுத்தான் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். அவர் தாடையையும் கழுத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு எங்கயும் காயம் பட்டதோ?" என்று கேட்டார். அப்போதுதான் முள்ளு ஞாபகம் வந்தது.

ஒட்டுசுட்டான் பக்கம் எங்கள் வயல். ஒன்பது நாளுக்கு முன் பட்டியில் எரு அள்ளும்போது வேலமுள்ளு குதிக்காலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சளை எண்ணெயில் சுடவைத்துப் பூசினார். மேலே ஆறிவிட்டது. மண்ணிலும் சாணத்திலும் உறங்கிக் கிடக்கிற ஏற்புவலிக் (டெட்டனஸ்) கிருமிக்குக் காற்று ஆகாது. மேலே மூடிய ஆழத் துளை என்றால் அதற்குக் கொண்டாட்டம். "சின்ன முள்ளுத்தானே, ஏற்பூசி எதுக்கு?" என்று அந்தத் தடுப்பூசியை வேண்டாமென்றவன் வேறு யாருமில்லை, நான்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு தட்டைக் குச்சியால் தொண்டையின் பின்பக்கத்தைத் தொட்டார்கள். எங்களுக்கென்றால் ஓங்காளம் வரும். அப்பா குச்சியை நறுக்கென்று கடித்தார், விடவே முடியவில்லை. ஏற்புவலிதான் என்று சொல்ல டொக்டருக்கு அது போதும்.

அன்றிரவு இருட்டறையில் படுக்கவைத்திருந்தார்கள். வெளியே யாரோ ட்ரே ஒன்றைத் தவறவிட்ட சத்தம். அப்பாவின் முதுகு வில்லாக வளைந்து எழுந்தது. தலையும் குதியும் மட்டும்தான் கட்டிலில். உதடு இரண்டு பக்கமும் இழுபட்டுச் சிரிப்பதுபோல இருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"மூளையில ஏதுமோ?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

"இல்லை தம்பி, அவருக்கு எல்லாம் தெரியும். உங்கட கையை மடக்குங்கோ. மேற்கையின்ர பின்பக்கத்தைப் பிடிச்சுப் பாருங்கோ. இளகி இருக்கெல்லே? முன்தசை இறுகேக்க பின்தசையை 'நீ சும்மா இரு' எண்டு முண்ணாண், முதுகெலும்புக்குள்ள போற நரம்புத்தண்டு, அடக்குது. அந்த அடக்கிற செய்தியைக் கொண்டுபோறது கிளைசின், காபா எண்ட ரெண்டு இரசாயனம். அந்தக் கிருமி விடுற நஞ்சு நரம்புக்குள்ளால ஏறிப்போய் அந்த ரெண்டையும் வெளிய வரவிடாமல் மறிக்குது. தாடைக்குப் போற நரம்பு கட்டை, அதாலதான் வாய் முதல் பூட்டினது."

நான் மாட்டுக்காரன் மகன். எனக்கு விளங்கின விதம் இதுதான்: மாடு அதே மாடு, மூக்கணாங்கயிறு அறுந்துபோச்சு. வெளிச்சம், சத்தம், ஒரு தொடுகை, எதற்கும் வெருண்டு ஓடும்.

குதியைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். நஞ்சுமுறி மருந்து ஏற்றினார்கள். ஆனால் நரம்புக்குள் ஏறிவிட்டதை அது தொடாதாம். நரம்பு புது நுனி விடும்மட்டும் ஆளைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய், தசையை இளக்க டயஸிபாம், மக்னீசியம் சல்பேட். இந்த மக்னீசியம் முறையை ஆராய்ந்தவர்களில் கொழும்பு மயக்கமருந்து வைத்தியர்களும் உண்டு என்று பிறகு அறிந்தேன். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அது தணிக்கும். மிஞ்சினால் மூச்சுவிடும் தசையும் சோர்ந்துபோகும். அதனால் நர்ஸ் அடிக்கடி வந்து சின்னச் சுத்தியலால் அப்பாவின் முழங்காலுக்குக் கீழே தட்டுவார். கால் இலேசாக உதறினால் அளவு சரி. கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்ததெல்லாம் அந்த உதறலைத்தான்.

35ஆம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அதற்கு முன் ஏற்பூசி போட்டார்கள், இன்னும் இரண்டு தடவை வரவேண்டுமாம். "வந்து போன வருத்தத்துக்கு ஊசியோ?" என்று அம்மா கேட்டா. ஆளைக் கொல்லக் காணும் அளவு நஞ்சுகூட, உடம்பு அடையாளம் பிடித்து எதிர்ப்பு வளர்க்கக் காணாதாம். அம்மாவுக்கு எங்களைச் சுமக்கும்போது கிளினிக்கில் போட்டிருந்தது, எங்களுக்குச் சின்னதிலேயே போட்டார்கள். 1978இல் நாட்டில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கமுன் பிறந்த ஆம்பிளை அப்பா, இடையில் விடுபட்டுப்போனார். ஊரில் அப்படி எத்தனை பேர் செருப்பில்லாமல் பட்டிக்குள் நிற்கிறார்கள்!

தொண்டைத் துளை மூடிக் குரல் திரும்பியதும், கஞ்சியும் கேட்கவில்லை, மாடுகளையும் கேட்கவில்லை.

"டேய், அண்டைக்கு ட்ரேயைப் போட்டவன் ஆர்?"