திருச்சி மனையும் ஃபாஃப்சா ஃபாரமும்

மகன் 2026 இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குப் போகிறான். இங்கே அமெரிக்காவில் கல்லூரிச் செலவுக்கு அரசு உதவி கேட்க ஃபாஃப்சா என்றொரு ஃபாரம் நிரப்ப வேண்டும். வருமானம், சொத்தை எல்லாம் வைத்து, குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்று அதில் ஒரு எண் போடுவார்கள். நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் வட்டத்தில் பாதிப் பேர், "நமக்கெல்லாம் ஒண்ணும் கிடைக்காது, எதுக்கு அந்த ஃபாரம்?" என்கிறார்கள். மீதிப் பேர் "பிரின்ஸ்டன்ல சேர்ந்துட்டா இலவசம்" என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆண்டு வருமானம் 1,50,000 டாலருக்குள் உள்ள பெரும்பாலான குடும்பங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்திருக்கிறது. ஆனால் முதலில் இடம் கிடைக்க வேண்டுமே!

சரி, நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

முதல் அடி வருமானத்தில். 2026-இல் சேரும் பிள்ளைக்கு 2024-ஆம் ஆண்டின் வரிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். அந்த வருடம்தான் வீட்டுக் கூரையை மாற்றுவதற்காகக் கொஞ்சம் பங்குகளை விற்றோம். பணம் கூரைக்குப் போய்விட்டது, லாபம் மட்டும் வருமானத்தில் ஏறி 1,68,000 டாலராக நிற்கிறது. மாமனார் மாமியாருக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தைக் கழிக்க அந்த ஃபாரத்தில் ஒரு கட்டமும் இல்லை.

அடுத்தது சொத்து. குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்பதில்லை, 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பையும் கேட்பதில்லை. ஆனால் திருவெறும்பூரில் சும்மா கிடக்கிற மனையைக் கேட்கும். தம்பிக்கு போன் போட்டேன்.

"என்ன விலை போடப் போற, அக்கா? கைட்லைன் வேல்யூவா, விக்கிற விலையா?"

"இன்னிக்கு வித்தா என்ன வருமோ அது."

"வாங்குறவன் சொல்ற விலையா, புரோக்கர் சொல்ற விலையா?"

ஒரு வாரம் இழுபறிக்குப் பிறகு 40 லட்சம் என்று முடிவாயிற்று, ஏறக்குறைய 47,000 டாலர். அப்புறம்தான் தெரிந்தது, பெற்றோர் சொத்தில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். மனையால் எங்கள் பங்கில் ஏறுவது 2,650 டாலர். இதற்காகவா அத்தனை போன்? வருமானம் அப்படியில்லை. வரி, குடும்பச் செலவு என்று கழித்தபின் நிற்கும் தொகையில் மேல்படியில் 47 சதவீதம் வரை இழுத்துக்கொள்கிறது.

எனக்குச் சுருக்கென்றது வேறொரு இடத்தில். மகன் பிறந்ததிலிருந்து தாத்தா கொடுத்தது, பிறந்தநாளுக்கு வந்தது என்று எல்லாவற்றையும் அவன் பெயரிலேயே போட்டு வைத்தேன், 6,000 டாலர். பிள்ளை பெயரில் இருந்தால் 20 சதவீதம். என் பெயரில் வைத்திருந்தால் 340-க்கு மேல் போகாது, இப்போது 1,200. பாசமாகச் செய்ததற்கு அபராதம். ஃபாரம் கையெழுத்தாகும் அன்றைய இருப்புதான் கணக்கு என்பதால், எப்படியும் வாங்க வேண்டிய லேப்டாப்பை அந்தப் பணத்திலேயே முன்கூட்டி வாங்கிவிட்டோம்.

மகள் இரண்டு வருடம் கழித்து வருவாள். முன்பெல்லாம் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் குடும்பத்தின் பங்கைப் பிரித்துப் போடுவார்களாம். 2024-25-இலிருந்து அது போயிற்று.

கடைசியில் வந்த எஸ்.ஏ.ஐ. எண், அதாவது நாங்கள் கட்ட முடியும் என்று அவர்கள் போட்ட கணக்கு, 34,000 சொச்சம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகைக்கு வாய்ப்பே இல்லை. ஒரு கல்லூரியின் கால்குலேட்டர் 5,500 டாலர் "உதவி" என்று காட்டியதும் துள்ளிக் குதித்துக் கணவரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். முதல் வருட மாணவர் கடன். மகன்தான் வட்டியோடு கட்ட வேண்டும்.

நேற்று தம்பி மறுபடி கூப்பிட்டான். மனைக்குப் பக்கத்தில் ஏதோ ரோடு வருகிறதாம், விலை ஏறுமாம். ஃபாரம் போகும் வரை ஒன்றும் சொல்லாதே என்று போனை வைத்துவிட்டேன்.